பாலிசிதாரருக்குக் கிடைத்தது 60 ரூபாய்த் தள்ளுபடி

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தகரப் பெட்டியில், குடும்ப அட்டைக்கு அடியில் ஓர் எல்.ஐ.சி. பத்திரம் இருக்கும். அங்கிருந்து சிறிது தொலைவில், மகாத்மா காந்தி சாலையில்தான் பிஎன்பி மெட்லைப் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் உள்ளது. அதன் அமெரிக்கக் கூட்டாளியான மெட்லைப்பின் வரலாற்றை நமது எல்.ஐ.சி. பாலிசிதாரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மெட்ரோபாலிட்டன் லைப் 1868இல் நியூயார்க்கில் தோன்றியது. அதைப் பெரிதாக்கியவர்கள் சீமான்கள் அல்லர். 1879 முதல் அதன் முகவர்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடுவீடாக ஏறி இறங்கி, வாரந்தோறும் சில சென்ட் காசுகளை வசூலித்தனர். அந்தச் சில்லறைதான் மலையாகக் குவிந்தது. 1905இல் நியூயார்க் சட்டமன்ற விசாரணை காப்பீட்டு முதலாளிகளின் முறைகேடுகளை அம்பலப்படுத்தியது. பத்தாண்டுகள் கழித்து, 1915இல், மெட்ரோபாலிட்டன் தன் பங்குதாரர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, பாலிசிதாரர்களையே உரிமையாளர்களாகக் கொண்ட நிறுவனமாக மாறியது. 2000 ஏப்ரலில் மீண்டும் பங்குச் சந்தைக்குச் சென்றது. அப்போது அந்த உரிமைக்கு ஈடாகப் பாலிசிதாரர்களுக்குப் பங்குகளோ பணமோ வழங்க வேண்டியிருந்தது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே அதுதான் நடைமுறை.

இங்கே நடந்தது என்ன?

விடுதலைக்கு முன்னும் பின்னுமான பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. மேலும் 25 நிறுவனங்கள் பணத்தைக் கரைத்துவிட்டுத் தொழிலைப் பிறரிடம் ஒப்படைத்தன. பாரத் இன்சூரன்ஸ் பாலிசிதாரர் பணத்தில் டால்மியா ஆடிய ஆட்டத்தை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் தோலுரித்தார். நாட்டுடைமையை வலியுறுத்தி ஊழியர் சங்கமும் 1951 முதலே போராடிக்கொண்டிருந்தது. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது.

அரசு போட்ட மூலதனம் வெறும் 5 கோடி ரூபாய். அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த 5 கோடியை வைத்தே நிறுவனம் நடந்தது. மற்ற அனைத்தும் பிரீமியப் பணம். உபரியில் குறைந்தது 95 சதவீதம் பாலிசிதாரருக்கு, எஞ்சியது அரசுக்கு என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. எல்.ஐ.சி. சட்டப்படி அரசின் நிறுவனம்தான். பாலிசிதாரர் சங்கம் அல்ல. இதை மறுக்கவில்லை. ஆனால் உபரியில் 95 பங்கு யாருக்குப் போகிறதோ, அவர்களை வெறும் வாடிக்கையாளர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

2021இல் நிதிச் சட்டத்தின் வழியே, அதாவது பட்ஜெட்டோடு பட்ஜெட்டாக, இந்த ஏற்பாடு உடைக்கப்பட்டது. பங்குதாரருக்குப் போகும் பகுதி படிப்படியாக 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. போனஸ் இல்லாத பாலிசிகளின் உபரி முழுவதும் பங்குதாரருக்கே என்றானது. 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்குகளை விற்று ஒன்றிய அரசு ஏறத்தாழ 20,557 கோடி ரூபாயை எடுத்துக்கொண்டது. அதில் எல்.ஐ.சி.க்கு ஒரு காசும் போகவில்லை. பாலிசிதாரருக்குக் கிடைத்தது, பங்கு ஒன்றுக்கு 60 ரூபாய்த் தள்ளுபடி! அதையும் சொந்தப் பணம் போட்டு 889 ரூபாய்க்கு வாங்க வேண்டும். முதல் நாள் வர்த்தகம் முடிந்தபோது விலை 875. சொந்த வீட்டின் செங்கல்லை விலைக்கு வாங்கியவர், அன்று மாலையே நட்டத்தில் நின்றார்.

நியூயார்க் பாலிசிதாரருக்குக் கிடைத்த ஈடு சிவாஜிநகர் பூக்காரம்மாவுக்கு ஏன் இல்லை என்று எந்த நிதியமைச்சரும் விளக்கவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. 2027 மே 16க்குள் பொதுமக்களிடம் உள்ள பங்கு 10 சதவீதமாக வேண்டும் என்று செபி கெடு வைத்திருக்கிறது. அதற்கு இன்னும் 6.5 சதவீதம் விற்றாக வேண்டும். அதற்கு முன்பே பாலிசிதாரர்களிடம் இந்தக் கணக்கைக் கொண்டு செல்ல வேண்டும். சங்கத் தோழர்களின் வாயிற்கூட்டம் மட்டும் போதாது. சிவாஜிநகர் சந்துகளில் தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும் துண்டறிக்கை போக வேண்டும். மெட்ரோபாலிட்டன் முகவர்கள் அன்று சென்ட் காசுக்காக ஏறி இறங்கியதைப் போல, நாமும் வீடுவீடாக ஏறி இறங்கியாக வேண்டும்.