முகத்தைப் பார்த்துத் தொழிலைச் சொல்!



ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். விளையாட்டுத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தெருவிலே சிறுவர் ஆடுவது ஒருவகை ஆட்டம். நாட்டையே கூட்டி வைத்துக்கொண்டு ஆடுவது வேறுவகை. முன்னது பொழுதுபோக்கு. பின்னதிலேதான் ஒரு நாட்டின் உள்ளம் தன்னையறியாமல் வெளியே வந்து விழுந்துவிடுகிறது.

அமெரிக்க நாட்டில், 1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. அதன் பெயர் 'வாட்ஸ் மை லைன்?' என் தொழில் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம் என்பது பொருள். 1967 வரை அது நடைபெற்றது. ஜான் டேலி என்பார் நடத்துநர். எதிரே நால்வர் அமர்ந்திருப்பர்: பதிப்பாளர் பென்னட் செர்ஃப், நடிகை ஆர்லீன் பிரான்சிஸ், செய்தியாளர் டோரதி கில்கேலன் போன்ற பெரும்புள்ளிகள். வருகிறவர் பலகையிலே தம் பெயரை எழுதிவிட்டு அமர்வார். நால்வரும் கேள்விக்கணை தொடுப்பர். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே விடை. ஒவ்வோர் 'இல்லை'க்கும் 5 டாலர். பத்து 'இல்லை' சேர்ந்தால் 50 டாலர், வந்தவர் வென்றார்! தொடக்க ஆண்டுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வந்தவர் அந்த நால்வரின் முன்னால் நடந்து காட்டுவார். அவர்கள் ஆளை ஏற இறங்கப் பார்ப்பர். கேள்வி எதுவும் கேட்காமலே, தோற்றத்தை மட்டும் கொண்டு, இன்ன தொழிலாயிருக்கும் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வர்.

முகத்தைப் பார்த்துத் தொழிலைச் சொல்! தோழர்களே, இந்த ஆட்டத்தைப் பற்றி நமக்கு எவரும் விளக்கவுரை எழுதத் தேவையில்லை அல்லவா?

இப்போது மனக்கண்ணிலே ஒரு காட்சியைத் தீட்டிப் பாருங்கள். அந்த மேடைக்கு ஒரு கறுப்பின இளைஞர் வருகிறார். சீருடை இல்லை, சாதாரண உடை. பெயரை எழுதுகிறார். நால்வர் முன்னே நடக்கிறார். என்ன ஊகம் வரும்? தொடர்வண்டியில் பெட்டி தூக்குபவரா? உணவுவிடுதிப் பணியாளரா? மின்தூக்கி இயக்குபவரா? குத்துச்சண்டை வீரரா? பாடகரா? 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று அட்டைகள் புரளுகின்றன. பத்தாவது அட்டையும் புரண்டபின் நடத்துநர் அறிவிக்கிறார்: இவர் அமெரிக்க விமானப்படையின் போர் விமானி!

கைதட்டல் வானைப் பிளக்கிறது. வியப்பால் விழிகள் விரிகின்றன. 50 டாலர் பரிசு அவர் கைக்கு வருகிறது.

அந்த 50 டாலர் எதற்கான பரிசு? அவர் அறிவுக்கா? அவர் ஒரு கேள்விக்கும் அறிவுபூர்வமாக விடை சொல்லவில்லையே! அவர் ஆற்றலுக்கா? அங்கே அவர் விமானம் ஓட்டிக் காட்டவில்லையே! தோழர்களே, அது அவர் பெற்ற பரிசன்று. அந்த நாடு கட்டிய அபராதம். ஒரு மனிதனின் தோலைப் பார்த்துத் தொழிலை முடிவு கட்டிய அறியாமைக்கு, அட்டைக்கு 5 டாலர் வீதம் கட்டிய அபராதம்!

அந்த அறியாமை தானாக முளைத்த காளான் அன்று. பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, அரசே வளர்த்த பயிர். 1925ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. போரில் கறுப்பினத்தவரை எப்படிப் பயன்படுத்துவது என்பது பொருள். அவர்கள் அறிவிலே தாழ்ந்தவர்கள், துணிவிலே குறைந்தவர்கள், தலைமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அதிலே எழுதி வைத்தனர். எழுதியவர்கள் கல்லாதவர்களல்லர், கற்றறிந்த தளபதிகள்! அந்த ஏட்டின் நிழல், விமானப் பயிற்சிக்கூடத்தின் கதவிலே பூட்டாகத் தொங்கிற்று.

பூட்டு திறந்தது எப்போது? 1941இல். அப்போதும் முழுக்கதவு திறக்கவில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், தனியாக ஒரு பக்கக்கதவு திறந்தது. கறுப்பினத்தவர்க்கென்று தனித் தளம், தனிப் படைப்பிரிவு. 1942 மார்ச் 7ஆம் நாள், முதல் அணியில் ஐவர் விமானிக்குரிய சிறகுச் சின்னம் பெற்றனர். அவர்களிலே ஒருவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் நான்காண்டுகள் பயின்றவர். அந்த நான்காண்டுகளும் உடன் பயின்றோர் அவரோடு பேசாமலே விலக்கி வைத்தனர். பேசாதிருந்தால் ஓடிவிடுவான் என்று எண்ணினர். அவர் ஓடவில்லை, 1936இல் பட்டத்தோடு வெளியே வந்தார், பின்னர் வானிலே ஏறினார்!

1946க்குள் ஏறத்தாழ ஆயிரம் கறுப்பின விமானிகள் டஸ்கீகியில் உருவாயினர். வாலிலே செந்நிறம் தீட்டிய விமானங்களில், இத்தாலித் தளத்திலிருந்து, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தனர். 1945 மார்ச் 24இல் பெர்லின் வரை சென்று திரும்பினர். அன்று ஜெர்மானியரின் ஜெட் விமானங்கள் மூன்றை வீழ்த்தினர். அவர்கள் காவலில் ஒரு குண்டுவீச்சு விமானமும் வீழ்ந்ததில்லை என்றொரு பெருமைக்கதை நெடுநாள் உலவிற்று. பிற்காலத்தார் ஆவணங்களைப் புரட்டி, அது சரியன்று, சில வீழ்ந்தன என்று காட்டினர். காட்டட்டும்! மெய்யான வீரத்துக்குப் பொய்யான பொன்முலாம் எதற்கு? வெள்ளை விமானி சாதாரண மனிதனாக இருந்தாலே போதும், கறுப்பு விமானி மட்டும் தவறே செய்யாத தேவனாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே பழைய நோயின் இன்னொரு முகந்தான்.

பெர்லினுக்கு மேலே பறந்தவர்களின் தோழர்களுக்குச் சொந்த மண்ணிலே கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? அதற்கடுத்த திங்களே, 1945 ஏப்ரலில், இந்தியானா மாநிலத்து ஃப்ரீமன் தளத்தில், படை அதிகாரிகளின் மனமகிழ் மன்றத்துக்குள் கறுப்பின அதிகாரிகள் நுழைந்தனர். கைது! மன்றங்கள் தனித்தனி என்ற ஆணையைப் படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடு என்றனர். போர்க்காலம்; மேலதிகாரி ஆணையை மீறினால் தண்டனை மிகக் கடுமையானது. ஆயினும் 101 அதிகாரிகள் மறுத்தனர். எழுதுகோலைத் தொடாமலே எழுதப்பட்ட வீரகாவியம் அது! அதன் பின்னரே, 1948 ஜூலை 26இல், படைகளில் நிறவேற்றுமையை ஒழிக்கும் ஆணையிலே தலைவர் ட்ரூமன் கையொப்பமிட்டார்.

1949 மே திங்களில், விமானப்படை முழுமைக்குமான துப்பாக்கிப் பயிற்சிப் போட்டி லாஸ் வேகாசில் நடந்தது. சுழல்விசிறி விமானப் பிரிவில் வென்றவர்கள் யார்? டஸ்கீகி மரபில் வந்த 332ஆம் பிரிவினர். வெற்றிக் கோப்பை என்னவாயிற்று? கண்காட்சியில் வைக்கப்படவில்லை, கிடங்கிலே முடங்கிற்று, 2004இல்தான் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. அந்த அணியில் இருந்த ஹாரி ஸ்டூவர்ட், போரில் எதிரி விமானங்களை ஒரே நாளில் மூன்று வீழ்த்தியவர். படையை விட்டு வந்தபின் பயணிகள் விமான நிறுவனங்களின் கதவைத் தட்டினார். நிறம் குறுக்கே நின்றது. அவர் பொறியியல் பயின்று வேறு வழியில் உயர்ந்தார். 2025இல், நூறு வயது கண்டு மறைந்தார்.

இனி, தோழர்களே, 1957ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஓராண்டிலே இரண்டு விமானிகளை அருகருகே நிறுத்திக் காட்டுகிறேன்.

ஒருவர் ஜான் கிளென், கடற்படைசார் தரைப்படையின் விமானி, வெள்ளையர். அவ்வாண்டு ஜூலை 16இல் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மூன்று மணி இருபத்து மூன்று நிமிடங்களில் பறந்து சாதனை நாட்டினார். பின்னர் தொலைக்காட்சியில் பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கும் போட்டியொன்றில், எடி ஹாட்ஜஸ் என்ற சிறுவனோடு இணைந்து ஆடினார். இருவரும் 25,000 டாலரைப் பகிர்ந்துகொண்டனர். அவர் திறமையில் ஐயமில்லை. 1962இல் பூவுலகைச் சுற்றியும் வந்தார். அவரை நான் குறைகூறவில்லை.

மற்றவர் மார்லன் கிரீன், விமானப்படையில் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், கறுப்பினத்தவர். அதே 1957இல் கான்டினென்டல் விமான நிறுவனத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பம் எழுதுகிறார். இனம் எது என்று கேட்கும் கட்டத்தை வெற்றிடமாக விடுகிறார். புகைப்படத்தை ஒட்டாமல் அனுப்புகிறார். ஏன்? முகத்தைப் பார்த்துத் தொழிலைச் சொல்லும் ஆட்டம் தொலைக்காட்சி அரங்கில் மட்டுமன்று, வேலை தரும் அலுவலகத்திலும் நடப்பதை அவர் அறிவார்! அழைத்தார்கள், சென்றார், முகத்தைக் கண்டார்கள். அவரினும் குறைவாகப் பறந்த வெள்ளையருக்கு வேலை. இவருக்கு 'இல்லை'! இந்த 'இல்லை'க்கு 5 டாலர் தருவார் எவருமில்லை.

கிரீன் வழக்காடினார். வேற்றுமை கூடாது என்னும் கொலராடோ மாநிலச் சட்டம், மாநிலங்களுக்கிடையே பறக்கும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் வாதிட்டது. 1963 ஏப்ரல் 22இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒருமனதாகத் தள்ளிற்று. 1965இல்தான் கிரீன் அந்த நிறுவனத்தின் விமானத்தை ஓட்டினார். எட்டாண்டுகள்! விமானிக்கு எட்டாண்டு என்பது இளமையின் பெரும்பகுதி. அவர் வழக்கினால் திறந்த வழியே, முன்னாள் விமானப்படை விமானி டேவிட் ஹாரிஸ் போன்றோர் 1964 முதல் பிற நிறுவனங்களிலும் நுழைந்தனர்.

"மேடையிலே தோன்றுவதால் பயனே இல்லை என்கிறாயா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லமாட்டேன். 1955 ஆகஸ்டில், 64,000 டாலர் வினாவிடைப் போட்டியில், பால்டிமோர் நகரத்துப் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுமி, இருபத்தெட்டு எழுத்துகள் கொண்ட நெடுஞ்சொல்லைப் பிழையின்றிச் சொல்லி நாட்டையே வியக்க வைத்தாள். அதைக் கண்ட கறுப்பினக் குழந்தைகளின் நெஞ்சு நிமிர்ந்திருக்காதா? நிமிர்ந்திருக்கும். அந்த நிமிர்வு பெரிது. ஆனால் அதே ஆகஸ்டில்தான், மிசிசிப்பியில், பதினான்கு வயது எம்மெட் டில் நிறவெறியர்களால் கொல்லப்பட்டான். கைதட்டிய கைகள், அவனைக் கொன்ற கைகளுக்கு விலங்கு பூட்டவில்லை; வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, குற்றவாளிகளை விடுவித்தது.

கைதட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருநாள் விருந்தினராக வந்தால் வரவேற்பு, வீட்டுக்காரராக அமர்ந்தால்? பாடகர் நாட் கிங் கோல் 1956 நவம்பரில் என்.பி.சி.யில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். குரலோ தேன்; புகழோ மலை. நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வரவில்லை. 1957 டிசம்பரில் திரை விழுந்தது.

இன்னொருவர் எட் டுவைட், விமானப்படைக் கேப்டன். 1960களின் தொடக்கத்தில் விண்வெளிப் பயிற்சிக்கு முன்னிறுத்தப்பட்டார்; முதல் கறுப்பின விண்வெளி வீரர் இவரே என்று ஏடுகள் படம் போட்டன. 1963இல் தேர்ந்தெடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. படையை விட்டார்; சிற்பியானார். 2024 மே 19இல், தம் தொண்ணூறாம் வயதில், தனியார் கலம் ஒன்றில் விண்ணின் விளிம்பைச் சில நிமிடங்கள் தொட்டுத் திரும்பினார். மீண்டும் கைதட்டல்! அறுபதாண்டு தாமதத்துக்குக் கைதட்டலா கணக்குத் தீர்க்கும்?

ஆகவே தோழர்களே, இந்த ஆட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். ஒடுக்கப்பட்டவர் ஒருவரை மேடையேற்றி, மாலையிட்டு, "பார், இவரும் விமானி!" என்று எவரேனும் வியந்தால், கைதட்டுங்கள்; தடையில்லை. கைதட்டி ஓய்ந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர் வெளியே போகும்போது எந்தக் கதவு இவருக்குத் திறந்திருக்கும்? இவருக்குப் பின்னே எத்தனை பேர் வாயிலில் நிற்கின்றனர்? அவர்களுக்கு இடமில்லை என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறதா?

வியப்பு, மேடை தரும் பரிசு. உரிமை, போராடிப் பெறும் சொத்து. பரிசை 50 டாலரில் முடித்துவிடலாம்; உரிமைக்கு 101 பேர் கையொப்பமிட மறுக்க வேண்டியிருந்தது, ஒருவர் ஆண்டுக்கணக்கில் வழக்குமன்றப் படியேற வேண்டியிருந்தது.

கறுப்பின இளைஞர் அந்த மேடையில் வந்து நிற்கும்போது, அந்த நால்வரும் முதல் ஊகத்திலேயே "விமானி" என்று சொல்லும் நாள் எதுவோ, அவருக்கு ஒரு டாலரும் கிடைக்காமல் போகும் நாள் எதுவோ, அந்த நாளே அவர் வென்ற நாள்!