முதலில் யார் அழைப்பது?

தீபாவளிக்குத் தம்பி அழைத்து வாழ்த்துச் சொல்லவில்லை. பொங்கலுக்கு நானும் அழைக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு இருவருமே வாய் திறக்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற சனிக்கிழமை மகள் தன் கணினியை என் பக்கம் திருப்பினாள். பைத்தான் மொழியில் 'ஆக்சல்ராட்' என்றொரு லைப்ரரி. 200க்கும் மேற்பட்ட வியூகங்கள் அதில் தயாராக உள்ளன. எந்த இரண்டையும் மோதவிட்டுப் பார்க்கலாம்.

விதி எளிது. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒத்துழைக்கலாம், அல்லது காலை வாரலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் மட்டும் வாரினால் அவருக்கு 5, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இருவரும் வாரினால் ஆளுக்கு 1.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஆக்சல்ராட் இப்படியொரு போட்டியை நடத்தி, 1980இல் முடிவை வெளியிட்டார். வந்த 14 நிரல்களில் வென்றது, இருப்பதிலேயே சிறிய நிரலான 'டிட் ஃபார் டாட்'. அனுப்பியவர் அனட்டோல் ராபபோர்ட். முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான். அடுத்த போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அப்போதும் அதற்கே வெற்றி.

"பார்த்தியா, நான் செஞ்சதும் அதுதான்" என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே இரண்டு டிட் ஃபார் டாட்டை 200 சுற்று ஆடவிட்டாள். ஆளுக்கு 600. பிறகு, 100க்கு 5 முறை முடிவு தவறுதலாக மாறிப்போகும்படி வைத்தாள். இருவரும் 500ஐக்கூட எட்டவில்லை. ஒரு தவறுக்கு இவர் பதிலடி, அதற்கு அவர் பதிலடி. நிறுத்த இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்து அதன் தாராள மனசுள்ள வகையை ஆடவிட்டாள். எதிராளி வாரினாலும் மூன்றில் ஒரு முறை மன்னித்துவிடும். அதே அளவு தவறுகள்தான். ஆனால் இருவரும் 550ஐத் தாண்டினார்கள்.

"எப்பவுமே மன்னிச்சா?"

"ஏமாளியாக்கிடுவாங்கம்மா."

தீபாவளியன்று தம்பிக்கு வேலையா, உடம்பு சரியில்லையா, மறதியா? நான் கேட்டதே இல்லை. வேண்டுமென்றே செய்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்றிரவு ஜோகூருக்கு அழைத்தேன். உடனே எடுத்தான்.

"என்னக்கா, ஏதும் பிரச்சினையா?"

"ஒன்னும் இல்லடா. சாப்பிட்டியா?"