முதல் மாத்திரைக்கு முன்னால்

எங்கள் திண்டுக்கல் பக்கம் காய்ச்சல் வந்தால் என்னென்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதல் நாள் பாராசிட்டமால். இரண்டாம் நாள் மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டு மூன்று நாள் மாத்திரை. அதிலும் குறையவில்லை என்றால் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி, கூடவே வேறொரு ஆன்டிபயாடிக். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான் ஒரு பெரிய டாக்டர், "எதுக்கும் கல்ச்சர் எடுத்துப் பாத்துடலாம்" என்பார். சில நாள் கழித்து ரிப்போர்ட் வரும்: கிருமி எதுவும் வளரவில்லை. காசும் போச்சு, கிருமி என்னவென்றும் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து லேபைத் திட்டுவார்கள்.

நான் நுண்ணுயிரியல் மாணவன். அதனால் லேப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் கருத்து இதுதான்: கல்ச்சர் டெஸ்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் லேபுக்குள் இல்லை. சாம்பிள் எடுக்கும் நேரத்திலும், எடுக்கும் விதத்திலும், அது லேபுக்கு வந்து சேரும் வழியிலும்தான். இந்த மூன்றைப் பற்றியும் நோயாளியிடம் யாரும் இரண்டு வார்த்தை பேசுவதில்லை.

கல்ச்சர் என்றால் என்ன? ரத்தம், சிறுநீர், சளி, சீழ் எதுவானாலும் அதில் உள்ள பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்து, அது யார் என்று கண்டுபிடிப்பது. பிறகு எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது. (பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். எந்தச் சாவி போட்டால் திறக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் சென்சிடிவிட்டி டெஸ்ட்.) முக்கியமான விஷயம், கிருமி உயிரோடு வந்தால்தான் வளரும். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போட்டபின் எடுத்த சாம்பிளில் கிருமி பாதி செத்திருக்கும், மீதி மயங்கிக் கிடக்கும். தட்டில் வளராது. ஆனால் உடம்புக்குள் எங்கோ ஒரு மூலையில் அது பிழைத்திருக்கலாம். 'வளரவில்லை' என்பதை 'தொற்று இல்லை' என்று படிப்பது இந்த இடத்தில் ஆபத்து.

டைபாய்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பல டைபாய்டு நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில்களில் எடுக்கவேண்டும் என்கிறார்கள். "இவ்வளவு ரத்தமா?" என்று நம் ஆட்கள் பதறுவார்கள், பாட்டிலும் மூன்று நான்கு மில்லியோடு போய்ச் சேரும். கிருமி கிடைக்கும் வாய்ப்பு அங்கேயே குறைந்துவிடுகிறது. முதல் வாரத்தில், மருந்து தொடங்கும் முன் எடுத்தால்தான் இந்த டெஸ்ட்டுக்கு முழுப் பலன். இதற்குப் பதிலாக நம் ஊரில் ஓடுவது வைடால் டெஸ்ட். விலை குறைவு, அன்றைக்கே முடிவு. ஆனால் டைபாய்டு சாதாரணமாகப் புழங்கும் ஊரில் பழைய தொற்றும் அதில் பாசிட்டிவ் காட்டும், வேறு காய்ச்சலும் காட்டும். எந்த மருந்து கேட்கும் என்பதையோ அது சொல்லவே சொல்லாது.

அடுத்தது சிறுநீர். எனக்கு அதிகம் ஆத்திரம் வருவது இதில்தான்.

நத்தத்திலோ வேடசந்தூரிலோ இருக்கும் ஓர் அம்மா காலையில் வீட்டிலேயே சிறுநீர் பிடித்து, மஞ்சள் பையில் வைத்து, பஸ் பிடித்து திண்டுக்கல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாத வெயில். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, லேபில் டோக்கன் போட்டு, டப்பா உள்ளே போவதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். அந்த லேபில் கல்ச்சர் வசதி இல்லாமல் மதுரைக்கு அனுப்பினால் இன்னும் நேரம் சேரும்.

இப்போது ஒரு கணக்கு. 1950களில் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் ஓர் அளவு வகுத்தார். ஒரு மில்லி சிறுநீரில் 1,00,000 பாக்டீரியாவுக்கு மேல் இருந்தால் உண்மையான தொற்று, அதற்கு மிகவும் குறைவென்றால் பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. இதில் பிற்காலத்தில் திருத்தங்கள் வந்தாலும் இன்றும் லேப்களில் இதுதான் அடிப்படை. ஈ.கோலை என்கிற பாக்டீரியா நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். சிறுநீரில் கொஞ்சம் மெதுவாக, அரை மணிக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் ஆறு முறை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. பிடிக்கும்போது 2,000 இருந்தது லேபில் 1,28,000 ஆகிவிட்டது! ரிப்போர்ட்டில் தொற்று என்று வரும். இல்லாத தொற்றுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக். அந்த அம்மாவுக்கு வந்தது நோயே இல்லை, திண்டுக்கல் வெயில்.

இதைத் தடுக்கப் பெரிய செலவெல்லாம் கிடையாது. லேபுக்கு வந்து அங்கேயே சாம்பிள் கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் போடுவது, முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைப்பது. அவ்வளவுதான். (ஆனால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடக் கூடாது. ரத்த கல்ச்சர் பாட்டிலும், முதுகுத்தண்டில் எடுக்கும் நீரும் குளிரில் வைக்கக் கூடாதவை. மூளைக்காய்ச்சல் கிருமிகள் சில குளிர் பட்டால் செத்துவிடும்.)

பிடிக்கும் விதத்துக்கு வருவோம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும், அதற்கு முன் தண்ணீரால் நன்றாகக் கழுவவேண்டும், டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. இதை யார் சொல்கிறார்கள்? கவுண்டரில் டப்பாவை நீட்டி "அந்தப் பக்கம் பாத்ரூம்" என்பதோடு சரி. கவுண்டரில் பையன் உட்கார்ந்திருந்தால் பெண்கள் கூச்சத்தில் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி சளி டெஸ்ட்டுக்கு டப்பா நிறைய எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் கோழை வேறு, வாயில் ஊறும் எச்சில் வேறு என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலும் இதே கதை. மேலே இருக்கிற சீழைப் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவு தடவி அனுப்பினால், மேலே குடியிருக்கும் பத்து கிருமியும் வளரும், உள்ளே எலும்பை அரிப்பது எது என்று தெரியாது. புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுக்கவேண்டும்.

"நம்ம சனங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாதுங்க" என்று ஒரு பேச்சு உண்டு. இதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்கென ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் தீரவேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது அன்றைய கேள்வி. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் வைத்தியம் செய்தார்கள். யாருக்குக் குணமானது என்று தீர்மானிக்க முக்கியமான அளவுகோல் சளி கல்ச்சர். வீட்டில் இருந்தவர்கள் சென்னையின் ஏழைக் குடும்பங்கள், நெரிசலான குடிசைகள், சாப்பாடும் குறைவு. இருந்தும் முடிவு ஏறக்குறைய சமம் என்று 1959இல் வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த ஏழைகள் கொடுத்த சளி ஒழுங்காக இருந்ததால்தானே அந்த முடிவை உலகம் நம்பியது? சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள், சனங்களும் செய்தார்கள்.

"கல்ச்சர் ரிசல்ட் வர்ற வரைக்கும் மருந்தே கொடுக்காம இருக்கச் சொல்றியா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. முதலில் ரத்தம் எடு, அடுத்த நிமிடமே ஊசி போடு என்றுதான் சொல்கிறேன். லேசான காய்ச்சலுக்கெல்லாம் கல்ச்சர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, பாதிக்கு மேல் வைரஸ் காய்ச்சலாக இருக்கும். அதற்குக் கல்ச்சரும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியல் அமலில் இருக்கிறது. அதில் இருக்கும் வீரியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும். எத்தனை கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள்?

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் கூடவே இருக்கும். எனவே இனி சாம்பிள் போய்ச்சேர இடம் இல்லை என்று சொல்ல முடியாது. குறைவது கவுண்டரில் ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு, அதைப் படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்ல இரண்டு நிமிடம், பெண்களுக்குச் சொல்ல ஒரு பெண். எச்சிலோ, பழைய சிறுநீரோ வந்தால் "இது ஆகாது, மறுபடி கொடுங்க" என்று திருப்பி அனுப்பும் தைரியமும் லேபுக்கு வேண்டும். காசு வாங்கிவிட்டோமே என்று ஏதோ ஒரு ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

லேபுக்கு அனுப்பும் சீட்டில், நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாடிக் எடுத்தாரா, எது, எப்போது என்று எழுதவேண்டிய இடம் பெரும்பாலும் காலியாகவே வருகிறது. அடுத்தமுறை போகும்போது வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பாதி கிழிந்த அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.