ஓடியவர்களைக் கண்டு நகைக்கலாமா?

அபாயம் என்று கேட்டு ஓடியவர்கள், அபாயம் ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பி வரும்போது அவர்களைப் பார்த்துச் சிரிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். செருப்பை விட்டுவிட்டு ஓடியவர், தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று கதை கட்டிப் பல ஆண்டுகள் பேசுவோம். ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய ஆட்டிடையன் கதையையும் உடனே இழுத்து வருவோம். அந்தக் கதை இங்கே பொருந்தாது என்பது நம் கருத்து. அந்தச் சிறுவன் வேண்டுமென்றே பொய் சொன்னான். பொய்யாய்ப் போன எச்சரிக்கைகளில் பல, சொன்னவர் உண்மையென்று நம்பிச் சொன்னவை. போக்கிரிகள் கிளப்பும் புரளியும் உண்டுதான். எதுவானாலும், கேட்டு ஓடியவர்மேல் என்ன குற்றம்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்து மீனவருக்கோ, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளுக்கோ எச்சரிக்கையாக ஒரு சொல் வந்து சேரவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

நான்கு நாட்கள் கழிந்தன. டிசம்பர் 30 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், மறுபடியும் பேரலை வரக்கூடும் என்று எச்சரித்தது. கரையோர மக்கள் கிடைத்த வண்டியில் ஏறியும் கால்நடையாகவும் ஊருக்குள் ஓடினார்கள். உடல்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தவர்களும், சோறு வழங்கிக்கொண்டிருந்தவர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. அமெரிக்காவிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பை நம்பி விடுத்த எச்சரிக்கை அது என்றும், அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்றும் தெரிய வந்தது. அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சராயிருந்த கபில் சிபல் அன்றே அதை மறுத்துப் பேசினார். ஞாயிறன்று சொல்லாமல் விட்டவர்கள், வியாழனன்று ஆராயாமல் சொல்லிவிட்டார்கள். இதில் ஓடிய ஜனங்களைக் குறை கூற யாருக்கு வாய் வரும்? பிள்ளையைப் பறிகொடுத்து நான்கு நாளே ஆன ஒரு தாய், ‘முதலில் ஆதாரத்தைக் காட்டு’ என்று கேட்டுக்கொண்டு கரையில் நிற்பாளா?

அதற்குப்பின் 2007இல் ஐதராபாத்தில் நம் நாட்டுக்கென்றே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தனர். கரையோரங்களுக்கு எச்சரிக்கை போயிற்று. பேரலை எழவில்லை, அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். கடலடித் தட்டு மேலெழும்பினால் நீரையும் தூக்கிவிடும். அன்றோ அது பக்கவாட்டில் நழுவியது. ஆனால் நிலம் எப்படி நழுவியது என்பது அதிர்ந்த அக்கணமே உறுதியாகத் தெரிந்துவிடுவதில்லை. தெரியும்வரை காத்திருந்துதான் சொல்ல வேண்டுமென்றால், சொல்வதற்குள் அலை வந்துவிடும். ஆகவே சில எச்சரிக்கைகள் பொய்யாகத்தான் போகும். அது நாம் தர வேண்டிய விலை. பெரிய விலையும் அன்று.

பெரியவர்கள் சிலர் 1942ஐ நினைவூட்டக்கூடும். அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பின்மீது குண்டு வீசினர். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வீசினர். ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற செய்தியை நம்பிச் சென்னையைக் காலி செய்யச் சொன்னார்கள். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. இலட்சக்கணக்கானவர் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டனர். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் வெளியே வந்துவிடுமென்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். படையெடுப்பு நடக்கவேயில்லை. (அதற்கும் முந்தி 1914இல் ‘எம்டன்’ என்ற ஜெர்மானியக் கப்பல் ஒரே இரவு வந்து குண்டு போட்டதில் நமக்கு ஒரு புதுச் சொல்லே கிடைத்தது; துணிச்சல்காரனை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம்.) ஓடியவர்களைப்பற்றி வேடிக்கைக் கதைகள் அப்போதும் உண்டாயின. புலி வராமலே சுடப்பட்ட புலிகளுக்காக வருந்தியவர்கள் எத்தனை பேரோ!

நம்மை அதிகமாகச் சிந்திக்க வைப்பது ஹவாய்த் தீவுகளின் செய்தி. 2018 ஜனவரி 13, காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு அங்கே கைப்பேசிகள் அனைத்திலும் ஓர் அறிவிப்பு அலறியது: ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகையல்ல. ஒத்திகையை உண்மையென்று எண்ணிய ஓர் ஊழியர் அனுப்பிவிட்ட செய்தி அது. மறுப்புச் செய்தி அதே கைப்பேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடமாயிற்று. தவற்றைத் திருத்தும் வாசகம் ஒன்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த 38 நிமிடத்தில் சிலர் குளியலறையில் ஒளிந்தனர். சிலர் சாக்கடைக் குழியின் மூடியைத் தூக்கிக் குழந்தைகளை உள்ளே இறக்கினர். ‘பதுங்குங்கள்’ என்று சொல்லப்பட்டது. எங்கே என்பது பலருக்குத் தெரியவில்லை. அச்சத்தைவிட இந்தத் தெரியாமைதான் நம் மனத்தை உறுத்துகிறது.

கடலும் ஏவுகணையும் உப்பிலியபுரத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். கொல்லிமலை நமக்குக் காவல் என்று நம்பி உறங்குகிறோம். அந்த மலையில் மழை கொட்டினால் புளியஞ்சோலை ஆற்றில் நீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது நமக்குத் தெரியாததா? 2016 டிசம்பர் முதல் நாள் நம் பக்கத்து முருங்கப்பட்டியில் வெடிமருந்து ஆலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் போயினர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை பற்றி 94 குழந்தைகள் போயினர். இவை எதிலும் பொய் எச்சரிக்கை இல்லை, எச்சரிக்கையே இல்லை. மண்டபத்திலும் பள்ளியிலும் இறங்கும் படி குறுகல்.

2023 அக்டோபரில் அரசு சோதனைக்காக அனுப்பிய எச்சரிக்கை தமிழகமெங்கும் கைப்பேசிகளில் அலறியபோது, ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்றுதான் பெரும்பாலோர் கேட்டோம். உண்மையானால் எங்கே போவது என்று கேட்டவர்களைக் காணோம்.

இனிப் பள்ளிக்கு வருவோம். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அக்டோபரில் நம் திருச்சிப் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்தன. எல்லாம் வெறும் புரளி. ஆனால் சென்னையில் பெற்றோர்கள் பதறியடித்துக்கொண்டு பள்ளி வாயில்களில் திரண்டார்கள். பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அதை நாம் நகைக்கவில்லை. எனினும் பெற்றோர்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பள்ளித் தெருவில் நாற்பது மோட்டார் சைக்கிளும் பத்து ஆட்டோவும் நின்றுவிட்டால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியில்லை. வருகைப் பதிவேட்டில் குறிக்காமல் உங்கள் மகளை நீங்கள் அழைத்துப் போய்விட்டால், அவளைத் தேடி ஓர் ஆசிரியை மறுபடியும் கட்டடத்துக்குள் போவார். ஆகவே தெருவுக்குள் வராமல் பேருந்து நிலையத்தருகே நின்று, பெயர் கூப்பிட்டபின் வந்து அழைத்துச் செல்வது என்று ஓர் ஏற்பாட்டைப் பெற்றோர் கூட்டத்தில் செய்துகொள்வது நல்லது.

அருட்சகோதரிகளிடமும் ஒன்று கேட்போம். பெண்கள் பள்ளி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. அன்னியர் நுழையக்கூடாதே என்ற தாயுள்ளத்தால்தான் சன்னலுக்குக் கம்பியும் பின்வாயிலுக்குப் பூட்டும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் அன்னியரை வெளியே நிறுத்தும் பூட்டு, தீப்பற்றினால் எங்களை உள்ளே நிறுத்திவிடும். மாடியில் நான்கு வகுப்புகளுக்கு இறங்க ஒரே படிக்கட்டு. அதன் அடியில் உடைந்த பெஞ்சுகளும் விளையாட்டு விழாவுக்குச் செய்த அட்டை வளைவும் கிடக்கின்றன.

மாணவியரும் தப்ப முடியாது. ஒத்திகை மணி அடித்தால் நாம் செய்வதென்ன? தோழியைத் தேடுகிறோம், டிபன் டப்பாவை எடுக்கிறோம், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை ஞாயிறு மறைக்கல்வியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் ஒன்றைக் கவனித்தோமா? மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், அறிவுள்ள ஐவரும் உட்பட. தூங்கியதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எண்ணெய் கையிலிருந்தது, அவ்வளவே வேற்றுமை. அப்படியே நாமும் நாள் முழுதும் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பு எந்தப் படியில் இறங்கும், காலில் கட்டுப் போட்டிருக்கும் பெண்ணை யார் தாங்கி வருவார்கள், மைதானத்தில் எந்த வேப்பமரத்தடியில் நிற்பது என்பது தெரிந்திருந்தால் நிம்மதியாகக் கணக்குப் பாடத்தைக் கவனிக்கலாம்.

பின்வாயில் சாவி இப்போது காவல்காரத் தாத்தாவின் இடுப்பில் இருக்கிறது. அவர் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புகிறார். இன்னொரு சாவியைத் தலைமையாசிரியை அறையிலா, மாடிப்படியருகே கண்ணாடிப் பெட்டியிலா, எங்கே மாட்டுவது என்பதை இந்த மழைக்காலம் தொடங்குமுன் முடிவு செய்துவிடலாம்.