உறையை உடைக்கலாமா? பழைய வெள்ளி டாலர்களும் அவற்றின் பிளாஸ்டிக் பெட்டிகளும்

நாணயம் சேர்ப்பவர்களிடம் ஒரு பழைய அறிவுரை உண்டு. "நாணயத்தை வாங்கு, உறையை வாங்காதே" என்பதுதான் அது. கேட்டவுடன் சரியென்றே தோன்றும். மாம்பழம் வாங்கப் போனவர் கூடைக்கா காசு கொடுப்பார்? ஆனால் அமெரிக்க வெள்ளி டாலர்களைச் சேர்ப்பவர்கள் கூடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். ஒரே வருடம், ஒரே தரம் கொண்ட இரண்டு டாலர்களில் ஒன்று ஐம்பது வருடத்துக்கு முந்தைய பிளாஸ்டிக் பெட்டியிலேயே இருந்தால், பலர் அதைத்தான் கூடுதல் விலைக்குக் கேட்கிறார்கள்.

இது வெறும் பைத்தியக்காரத்தனமா? இல்லை. அந்தப் பெட்டி சொல்லும் ஒரு செய்தியை நாணயத்தால் தனியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மதிப்பு. இதைப் புரிந்துகொள்ள அந்த டாலர்களின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்கன் டாலர் என்று அழைக்கப்படும் அமெரிக்க வெள்ளி டாலர் 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-லும் அடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜார்ஜ் மார்கன். எடை 26.73 கிராம்; அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. கோடிக்கணக்கில் அடித்தார்கள், ஆனால் கனமான காசு என்பதால் மக்கள் கையில் அதிகம் புழங்கவில்லை. பெரும்பகுதி கருவூலத்தில் மூட்டை மூட்டையாகத் தூங்கியது.

1918-ல் பிட்மன் சட்டம் வந்தது. அதன்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியில் பெரும்பகுதி எங்கே போனது தெரியுமா? பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பியது! முதல் உலகப் போர் சமயத்தில் இங்கே மக்கள் ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளி ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடியைச் சமாளிக்கத்தான் அமெரிக்க டாலர்கள் உருகின.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த வருடத்து டாலர், எந்த நாணயச் சாலையில் அடித்தது எத்தனை உருகியது என்று கணக்கு வைக்கவில்லை என்பதே. அதனால் அடித்த எண்ணிக்கையைப் பார்த்து எது அரியது, எது சாதாரணம் என்று முடிவு செய்ய முடியாது. மிஞ்சியவை எங்கிருந்து, எவ்வளவு வெளிவந்தன என்ற தகவலுக்கு இங்கேதான் தனி மதிப்பு வருகிறது.

அந்தத் தகவல் தெளிவாகக் கிடைக்கும் இரண்டு பெரிய குவியல்கள் உண்டு.

முதலாவது அரசாங்கத்தின் குவியல். 1964-ல் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது சுமார் 30 லட்சம் டாலர்கள் மிஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டி நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை. ஜி.எஸ்.ஏ. எனப்படும் பொதுச் சேவை நிர்வாகம் அவற்றை 1972 முதல் 1974 வரை தபால் ஏலத்தில் விற்றது. மீதியை 1980-ல் விற்றது. புழங்காத நாணயங்களைத் தடித்த, ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. 1884-ல் கார்சன் சிட்டியில் அடித்தவை 11 லட்சத்து 36 ஆயிரம். அவற்றில் 9 லட்சத்து 62 ஆயிரத்துக்கும் மேல் இந்த விற்பனையில் வெளிவந்தன. அதே ஊரில் 1889-ல் அடித்த டாலரோ மொத்தக் குவியலிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது!

இரண்டாவது ஒரு தனி மனிதரின் குவியல். நெவாடாவின் ரெனோ நகரில் வாழ்ந்த லவேர் ரெட்ஃபீல்ட் பெரும் பணக்காரர். வங்கியையும் நம்பாதவர், அரசாங்கத்தையும் நம்பாதவர். வரி ஏய்ப்புக்காகச் சிறைக்கும் போய் வந்தவர். 1974-ல் அவர் இறந்த பிறகு, அவர் வீட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் கிடைத்தன. 1976 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஏ-மார்க் என்ற நிறுவனம் 73 லட்சம் டாலருக்கு மொத்தத்தையும் எடுத்தது. பிறகு அவை பல வியாபாரிகள் வழியாகச் சந்தைக்கு வந்தன. அவர்களில் பாரமவுண்ட் என்ற நாணய வியாபார நிறுவனம், தன் பங்குக்கு வந்தவற்றில் பலவற்றைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடி, ரெட்ஃபீல்ட் சேகரிப்பு என்று அச்சிட்டு விற்றது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 4 லட்சம் டாலர்களில் பெரும்பகுதி சாதாரண நாணயங்களாக எங்கோ கலந்துவிட்டன. "இது ரெட்ஃபீல்ட் வீட்டில் இருந்தது" என்று இன்று யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லலாம். ஆனால் நம்பக்கூடிய சாட்சி அந்தப் பழைய உறைதான். அதை உடைத்துவிட்டால் உள்ளே இருப்பது இன்னொரு வெள்ளி டாலர், அவ்வளவே. மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்கலாம். நாணயத்துக்கு நகல் கொடுக்கும் அலுவலகம் எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் உடைத்தார்கள்? அதற்கும் நியாயமான காரணம் உண்டு.

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறையை வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்கப் பழைய செம்பு சென்ட்களுக்காக வகுத்தார். பிறகு அது எல்லா நாணயங்களுக்கும் பரவியது. புழங்காத நாணயம் என்றால் 60-ம் அதற்கு மேலும். பாரமவுண்ட் உறைகள் வந்த காலத்தில் 60, 65 என்ற படிகளே பெரும்பாலும் வழக்கில் இருந்தன. 63, 64 போன்ற இடைப்படிகள் பிறகு நிலைபெற்றவை. அந்த உறையில் தரம் போட்டதும் விற்ற வியாபாரியேதான். மாப்பிள்ளைக்கு நற்சான்றிதழை மாப்பிள்ளையின் அப்பாவே எழுதிக் கொடுத்த மாதிரி!

1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று தரச்சான்று நிறுவனங்கள் வந்தன. இவை நாணயத்தை விற்பதில்லை. பார்த்துத் தரம் சொல்லி, முத்திரையிட்ட தங்கள் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுக்கும். விலை அந்த எண்ணைப் பொறுத்தே ஏறி இறங்கத் தொடங்கியது. சில வருடத்து டாலர்களில் ஒரே ஒரு எண் கூடினாலும் விலை பல மடங்காகும். பழைய உறையில் 65 என்று இருந்த பல டாலர்கள், இன்றைய கண்டிப்பான பார்வையில் 63 அல்லது 64 மட்டுமே பெறும். அதனால் வாங்குபவர்கள் புதிய சான்று கேட்டார்கள். விற்பவர்கள் பழைய உறையை உடைத்து நாணயத்தை அனுப்பினார்கள். பெட்டி குப்பைக்குப் போனது. தரம் தெரிந்துகொள்ள வரலாற்றைக் கொடுத்தார்கள்.

இந்த இக்கட்டுக்குப் பிறகுதான் விடை வந்தது. நாணயத்தை வெளியே எடுக்காமலேயே, ஜி.எஸ்.ஏ. பெட்டியோடும் பாரமவுண்ட் ரெட்ஃபீல்ட் உறையோடும் என்.ஜி.சி. தரச்சான்று கொடுக்க ஆரம்பித்தது. நாணயத்தைப் பெட்டிக்குள் வைத்தே பார்த்து, தரம் எழுதிய சீட்டை அந்தப் பெட்டியின் மேலேயே பொருத்திவிடுவார்கள். பழைய சாட்சியும் பத்திரம், புதிய தீர்ப்பும் கையில்.

இதன் அருமை பாரமவுண்ட் உறையில்தான் நன்றாகத் தெரியும். உள்ளே 1970-களின் வியாபாரி சொன்ன 65. வெளியே இன்றைய நிபுணர் சொல்லும் 63. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்! தர மதிப்பீடு என்பது கடவுள் வாக்கு அல்ல, காலத்துக்குக் காலம் மாறும் மனிதக் கருத்து என்பதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லாது. உறையை உடைத்திருந்தால் இந்தப் பாடம் கிடைத்திருக்குமா?

எதிர்க்கருத்துகளும் உண்டு. அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை.

பிளாஸ்டிக் வழியாகப் பார்த்துத் தரம் சொல்வது கடினம் என்பது ஒன்று. உண்மைதான். பெட்டியின் மேலுள்ள கீறல் நாணயத்தின் கீறல் போலத் தெரியலாம்; நாணயத்தின் விளிம்பும் சரியாகத் தெரியாது. ஆனால் இது பார்ப்பவர்களின் கஷ்டம். பொறுமையால் பெரும்பாலும் தீரும். உடைத்த உறையை எந்தப் பொறுமையும் ஒட்டவைக்காது.

இரண்டாவது, இன்னும் வலுவானது. ஜி.எஸ்.ஏ. பெட்டி இரண்டு பாதிகளைப் பொருத்திய பெட்டி. அதை நெம்பித் திறந்து, நல்ல டாலரை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்து மூட முடியும். அப்படியானால் பெட்டி என்ன சாட்சி? சரியான கேள்வி. ஆனால் இது பெட்டியைத் தூக்கி எறிவதற்கான காரணம் அல்ல, பெட்டியோடு சேர்த்துச் சான்று வாங்குவதற்கான காரணம். பெட்டியையும் நாணயத்தையும் ஒருமுறை நிபுணர் பார்த்துப் பதிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு மாற்றி வைக்க நினைப்பவனுக்கு வேலை கடினமாகிவிடும்.

மூன்றாவது, பழைய பிளாஸ்டிக்குக்குக் கண்மூடித்தனமாகப் பணம் கொடுப்பது. இங்கே பழைய அறிவுரைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். கறை படிந்த, அடிபட்ட நாணயம் எவ்வளவு பழைய பெட்டியில் இருந்தாலும் அடிபட்ட நாணயமே. பெட்டி சாட்சி சொல்லலாம், அழகு சேர்க்க முடியாது.

எல்லா உறையையும் காப்பாற்றவும் கூடாது. பழைய வியாபாரிகள் பலர் மெல்லிய, வளையக்கூடிய பி.வி.சி. பைகளில் நாணயத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவரும். நாணயத்தின் மேல் பிசுபிசுப்பாகப் பச்சை படிந்தால் அதுதான் அடையாளம். விட்டுவைத்தால் உலோகத்தையே அரித்துவிடும். அப்படிப்பட்ட பையிலிருந்து நாணயத்தை உடனே எடுக்க வேண்டும். சுத்தமான அசிட்டோனில் நனைத்தால் படிந்தது கரையும். துணியால் தேய்க்கவே கூடாது. தேய்த்த கீறல் ஆயுளுக்கும் போகாது. ஆனால் அந்தப் பைக்குள் வியாபாரியின் சீட்டு இருந்தால், அதைத் தனியாக எடுத்து நாணயத்தோடு சேர்த்துப் பாதுகாக்கலாமே! சாட்சி சொல்வது சீட்டு. பை வெறும் பை.

ஒரு வீட்டில் தாத்தா இறந்துபோகிறார். அவருடைய மேசை இழுப்பறையில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. பேரனுக்கு நாணயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளி பளபளப்பாக இருக்கட்டும் என்று பெட்டியை உடைத்து, சாம்பல் போட்டுத் துலக்கிக் கடைக்குக் கொண்டுபோகிறான். அங்கே வெள்ளியை எடைபோட்டுக் காசு கொடுக்கிறார்கள். ஐந்து நிமிட வேலையில் அந்த நாணயத்தின் வரலாறும் போயிற்று, மேற்பரப்பும் போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. பெட்டியும் நாணயத்தின் ஒரு பகுதி என்று அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

இதைச் சொல்லி வைப்பதுதான் சேகரிப்பவரின் கடமை. நாணயத்தை அரிக்கிற உறையென்றால் தயங்காமல் விடுவிக்க வேண்டும். அரிக்காத, எங்கிருந்து வந்தது என்று சொல்கிற உறையென்றால் அப்படியே வைத்து, அதோடு சேர்த்தே சான்று வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உடைக்காமல் இருப்பதே மேல். நூறு வருடத்துக்கு மேல் உருகாமல், தொலையாமல் தப்பி வந்த ஒரு காசு, தன்னைப் பற்றிய ஒரே சாட்சியையும் கூடவே கூட்டி வந்திருக்கிறது. இன்று உடைக்காதவர் நாளைக்கும் உடைக்கலாம். உடைத்தவருக்கு அந்த வசதி இல்லை.