கோட்டம் எடுக்கும் கைகள்

“ஒழுங்காகப் படிக்காவிட்டால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டத்தான் போவாய்.” நம் நாட்டில் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர்களுள் இவ்வசையைக் கேளாதவர் குறைவு. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். ஆயினும், அச்சொல்லுக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. பஞ்சர் ஒட்டுவதற்கு அறிவு வேண்டியதில்லை என்பது ஒன்று. அத்தொழில் கல்லாதவனுக்கு விதிக்கப்படும் தண்டனை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மைதானா என்பதை ஆராய்வதற்கு நூலகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. தெருமுனையிலுள்ள மிதிவண்டிக் கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

காற்று இறங்கிய வண்டி ஒன்று கடைக்கு வருகிறது. தேர்ந்த பழுதுநீக்குநர் உடனே டயரில் கை வைப்பதில்லை. முதலில் காற்றடித்து, வால்வின் வாயில் ஈரவிரலை வைத்துப் பார்க்கிறார். அங்கே குமிழி எழுந்தால் வால்ட்யூபை மாற்றினால் போதும். மற்ற வேலையும் செலவும் மிச்சம். அங்குக் குறையில்லை என்று தெளிந்த பின்னரே டயரின் ஓரத்தை நெம்பி, ட்யூபை வெளியே எடுத்து, நீர்த்தொட்டியில் சிறிது சிறிதாக அமிழ்த்துகிறார். குமிழி கிளம்பும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார். ஈரத்தைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை தடவி, அது பதமாகக் காயும்வரை காத்திருக்கிறார். அவசரப்பட்டு ஒட்டிய ஒட்டு நெடுநாள் நிற்காது என்பது அவர் அறிந்தது. ட்யூபை ஒட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. டயரின் உட்புறம் முழுவதையும் விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்க்கிறார். குத்திய முள் அங்கேயே தங்கியிருந்தால், ஒட்டிய வண்டி மறுநாளே திரும்பி வரும்.

ஐயுறுதல், சோதித்தல், விலக்குதல், காரணம் கண்டறிதல் என்னும் இவ்வொழுங்கையே நாம் வகுப்பறையில் அறிவியல் முறை என்று கற்கிறோம். நோயோடு அதன் மூலத்தையும் ஆராய்க என்று வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த நெறியும் இதுவே. ஒரு முள்ளைத் தேடும் விரலில் இந்நெறி குடிகொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை.

இதனினும் நுட்பமானது, கோட்டம் எடுத்தல். குழியில் விழுந்து வளைந்த சக்கரத்தை நேராக்குவதற்குத் தொழிலில் வழங்கும் பெயர் அது. நம் ஊர்களில் பெரிதும் வழங்கிய பழைய வகை மிதிவண்டியின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உண்டு. அவை அனைத்தும் தம் இழுவிசையால் வளையத்தை நடுவில் நிறுத்துகின்றன. பழுதுநீக்குநர் சக்கரத்தைச் சுழலவிட்டு, வளையத்தின் அருகே சுண்ணக்கட்டியைப் பிடிக்கிறார். பிதுங்கிய பகுதியில் மட்டும் வெள்ளைக் கோடு விழுகிறது. அவ்விடத்தில் ஒருபக்கக் கம்பியைச் சற்றே முறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியைச் சற்றே தளர்த்துகிறார். ஒரு கம்பியைத் தொட்டால் அதன் விளைவு அண்டைக் கம்பிகளையும் சென்று சேரும். ஆகவே, கால் சுற்று முறுக்குவதும் மீண்டும் சுழற்றிப் பார்ப்பதுமாக அவ்வேலை நடக்கிறது. கோட்டம் என்னும் சொல்லுக்கு வளைவு என்பதோடு நடுவுநிலை தவறுதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. நீதிக்கு ஆகாதது என்று நம் முன்னோர் விலக்கிய அதே சொல்லை, எழுத்தறிவு குறைந்த தொழிலாளியின் நாவும் இன்றுவரை பொருள் பிறழாமல் காத்து வருகிறது.

அச்சின் இருபுறமும் உருளும் சிறு குண்டுகளை மசகிட்டு அடுக்கிக் கோனை முறுக்கும்போது, சிறிது இறுக்கினால் சக்கரம் தேயும்; சிறிது தளர்த்தினால் ஆடும். இடைப்பட்ட அந்த நிலையை அவருடைய விரல்களே அறியும். இடப்பக்கப் பெடலின் மரை, வலப்பக்கப் பெடலின் மரைக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கிறது. மிதிக்க மிதிக்கப் பெடல் தானே கழன்றுவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இயற்பியல் நூல் படிக்காத கைக்கும் அது தெரியும்.

இக்கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே இயல்பினர் அல்லர். சிலர் வாய் திறவாதவர். பெடலைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். எழும் ஓசையே அவருக்குப் பழுதைச் சொல்லிவிடும். சிலர் நாளிதழை விரித்து வைத்து அரசியல் பேசிக்கொண்டே வேலை செய்வார். பேச்சு எவ்வளவு சூடேறினாலும் கை பிசகாது. சிலர் கண்டிப்பானவர், “மழையில போட்டுட்டுப் போனா சங்கிலி துருப்பிடிக்காம என்ன தம்பி செய்யும்?” என்று கடிந்துகொண்டே எண்ணெய் விடுவார். காற்றடிக்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு வாங்காதவரும் உண்டு. நல்ல பாகத்தையும் தேய்ந்துவிட்டதென்று சொல்லி மாற்றுபவரும் இல்லாமலில்லை. வண்டியைப் பற்றி ஒன்றுமறியாதவர் எதிரே நிற்கும்போதுதான் இத்தொழிலின் நேர்மை சோதிக்கப்படுகிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, “பாருங்கள், இது தேய்ந்திருக்கிறது” என்று காட்டுபவர் தம் அறிவை வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொள்கிறார். அவரை நம்பித்தான் தெருவே தன் வண்டிகளை விட்டுச் செல்கிறது.

கைத்தொழில் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1892-இல் மிதிவண்டிக் கடை தொடங்கியவர்கள் ரைட் சகோதரர்கள். பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டு 1899-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு எழுதி, பெற்றுப் படித்தனர். 1901-இல், மிதிவண்டியின் முன்புறத்தில் கிடையாக ஒரு சக்கரத்தைப் பொருத்தி, அதன்மேல் சிறகின் மாதிரியை நிறுத்தி ஓட்டிக் காற்றின் விசையை ஆராய்ந்தனர். 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடிகள் வானில் நின்ற அவர்களது விமானத்தில், எஞ்சினின் ஆற்றலைச் சுழல்விசிறிகளுக்குக் கொண்டு சென்றவை சங்கிலியும் பற்சக்கரமுமே. அந்த எஞ்சினை ஏறத்தாழ ஆறு வாரங்களில் உருவாக்கியவர், அவர்களது கடையில் பணிபுரிந்த சார்லி டெய்லர் என்னும் இயந்திர வினைஞர். சகோதரர்களின் பெயரை உலகம் அறியும். டெய்லரின் பெயரை அறிந்தோர் சிலரே. நூலறிவும் கையறிவும் ஒரே கடைக்குள் சேர்ந்தபோது மனிதன் பறந்தான். பாராட்டைப் பங்கிடும்போது மட்டும் கை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

நம்மூரிலும் அந்தப் பங்கீடு அப்படித்தான் நடக்கிறது. புதிய டயருக்குக் கடைக்காரர் சொல்லும் விலையைத் தயங்காமல் கொடுக்கும் நாம், அதை மாட்டிய கூலியில் பேரம் பேசுகிறோம். பொருளுக்கு விலை உண்டென்று ஒப்புக்கொள்ளும் மனம், அறிவுக்கு விலை உண்டென்று ஒப்புக்கொள்வதில்லை. மழை பெய்த நாளில் அவருக்கு வருவாய் இல்லை. நாள் முழுவதும் குந்தி அமர்ந்து தேய்ந்த முழங்காலுக்கு ஓய்வூதியமும் இல்லை. தம் மகன் இத்தொழிலுக்கு வர வேண்டாம் என்று அவரே சொல்வதுண்டு. அதைக் கேட்டு, தொழில் இழிவானது என்று நாம் முடிவு செய்துகொள்கிறோம். அவர் வெறுப்பது தொழிலையன்று. தொழிலுக்கு நாம் தரும் மதிப்பையே.

இதைச் சொல்வதால், பள்ளியை விட்டுவிட்டுக் கடைக்குச் செல்லுதல் நன்று என்று பொருளாகாது. முந்தைய தலைமுறையினர் பலர், விளையாடும் வயதில் வறுமையால் இக்கடைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் இழந்த பள்ளிப்படிப்பு பெரிய இழப்பே. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தொழிலில் அமர்த்துவதைச் சட்டம் இன்று தடை செய்திருப்பது மிகவும் சரி. கல்வி மறுக்கப்பட்ட நிலையிலும் அவர்கள் தேடிக்கொண்ட அறிவை அறிவென்று ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே இங்கு வேண்டப்படுவது.

இனி மிதிவண்டிக்கே இடமில்லை. பிறகு அதன் கடை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மோட்டார் வண்டிகள் பெருகியதும், மணிக்கணக்கில் வாடகைக்கு மிதிவண்டி விட்ட கடைகள் பல மறைந்ததும் உண்மை. ஆயினும், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றபோது, அவ்வண்டி அவர்களுக்கு விடுதலையின் கருவியாயிற்று. இன்றும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயில்வோர்க்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. வழங்கிய வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால், பழுதுநீக்கும் கை ஊருக்கு ஒன்றேனும் வேண்டும். அக்கை இல்லாத ஊரில், ஒரு சிறு முள்ளே ஒரு மாணவியின் பள்ளிப் பயணத்தை நிறுத்திவிடும்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. கூலியில் பேரம் பேசாதீர்கள். உங்கள் வண்டியின் பழுது எதனால் வந்தது என்று கேளுங்கள்; கேட்பவருக்குச் சொல்லித் தருவதில் அவர்களில் பலருக்கு மகிழ்ச்சி உண்டு. பள்ளியில் மிதிவண்டி வழங்கும் நாளில், ஊரின் பழுதுநீக்குநர் ஒருவரை அழைத்து, ஒரு பாடவேளை ஆசிரியராக நிற்கச் செய்யலாம் என்று உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். அதன் பிறகும் யாரேனும் உங்களிடம், “பஞ்சர் ஒட்டத்தான் போவாய்” என்று சொன்னால், பஞ்சர் எப்படி ஒட்டுவது என்று அவரிடம் பணிவோடு கேட்டுப் பாருங்கள்.