கழுகும் வியாபாரியும்

மந்த காலம்தான் சம்பாதிக்கச் சரியான காலம் என்று ஒரு வேதாந்தம் இப்போது ஊர் ஊராகப் பரவி வருகிறது. "ஊரார் விற்கும்போது நீ வாங்கு" என்பது அதன் மூல மந்திரம். மேடையில் பேசுகிறவர்கள் சொல்லுகிறார்கள். முன்னேற வழிகாட்டும் புத்தகங்கள் சொல்லுகின்றன. மலையடிவாரத்து வாசுதேவநல்லூரிலும் ஒரு பெரியமனிதர் என்னிடம் இதையே சொன்னார்: "எலுமிச்சை விலை விழுந்து கிடக்கு. தோட்டக்காரன் கடன்ல முழி பிதுங்குதான். இப்பத்தான் அண்ணாச்சி தோட்டம் வாங்கணும். பாதி விலைக்கு வரும்!"

நாவல் எழுதுகிறவனுக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கூட்டல் கழித்தல் தெரியும், அது போதும். அந்தத் தோட்டம் கைமாறினால் மரம் ஒரு காய் கூடுதலாகக் காய்க்குமா? பறிக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி கூடுமா? ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் தாழ்ந்தது. இன்னொரு பத்திரப்பெட்டி கனத்தது. இதற்கு 'வளர்ச்சி' என்று பெயர் வைத்தால் செத்த மாட்டைச் சுற்றும் கழுகையும் வியாபாரி என்றுதான் சொல்லவேண்டும்.

"தர்மம் இருக்கட்டும் ஐயா, லாபத்தைப் பாரும்" என்பார்கள். லாபத்தையே பார்ப்போம். 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய குடியானவனால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல அது. கடனுக்கு ஈடாக மடியில் வந்து விழுந்தது. முடிவு என்ன? நிலத்தோடு நிலம் இழந்தவனின் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. தானாக வந்து விழுந்த நிலமே நிலைக்கவில்லை என்றால், தேடிப்போய் வளைக்கிற நிலத்துக்கு என்ன உத்தரவாதம்?

இனி நம் பக்கத்துச் சிவகாசியைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் 1922-இல் கல்கத்தா போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதே ஆண்டில் இறக்குமதித் தீக்குச்சிமீது சர்க்கார் தீர்வையை உயர்த்தியிருந்தது. எதிரே ஸ்வீடன் நாட்டு முதலாளிகளின் பெரிய ஆலை போட்டிக்கு நின்றது. ஆனால் பெருமந்தம் உலகத்தின் தீக்குச்சிச் சக்கரவர்த்தி ஐவர் க்ரூகரைச் சாய்த்தது. 1932-இல் பாரிஸில் அவர் தற்கொலை செய்துகொண்டார். சிவகாசி சாயவில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. யுத்தத்தில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றது. உள்ளூர்ப் பட்டாசு வந்தது. ஒரு குறை இன்னொரு தொழிலைப் பெற்றது. யார் வீடும் ஏலத்துக்கு வரக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சிவகாசியைப் புகழ்ந்துவிட்டு அதன் கரியை மறைப்பது நியாயமாகாது. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளின் விரல்கள் அங்கே குச்சி அடுக்கின. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் சிறுவர்களை வைக்கக்கூடாது என்று 1986-இல் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்த லாபத்தில் அந்தப் பங்கு கழுகின் பங்குதான். சிவகாசியானாலும் அதே தராசில்தான் நிறுப்பேன்.

வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் எலுமிச்சை விலை விழுகிறபோது உண்மையான சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தை அல்ல, காயை வாங்க வேண்டும். உப்பில் ஊறிய எலுமிச்சை மாதக்கணக்கில் கெடாது. அழுகிப்போகிற காயை ஊறுகாயாக்குகிறவன் தோட்டக்காரனுக்குப் பறிகூலியாவது மிஞ்ச வைக்கிறான், பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறான், தானும் சம்பாதிக்கிறான். மலிவில் வாங்கினான் என்று அவனைப் பழிக்க மாட்டேன். அவன் வாங்குவதால் விலை ஏறுகிறது. மற்றவன் வாங்குவதற்கு விலை இன்னும் விழவேண்டும்.

ஆனால் ஊறுகாய்க்காரனின் பணம் சரக்கு விற்கும்வரை பீப்பாயில் முடங்கிக் கிடக்கும். கடன் கேட்டால் "நிலப் பத்திரம் உண்டா?" என்கிறார்கள். பத்திரம் இருப்பவன்தான் அண்டைத் தோட்டத்தை வளைக்கிறவன்! வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பீப்பாயில் இருக்கும் சரக்கை ஈடாக ஏற்றுக் கடன் கொடுக்கட்டும். அதைச் செய்யாமல் மந்த காலத்தில் தைரியமாக இரு என்று ஏழைக்கு உபதேசம் பண்ணுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.